நம்ம ஊர் நிலத்துக்கு மாஸ்டர் பிளானில் என்ன நிறம் என்று நாம் சொல்ல முடியுமா?

கலங்கல் எழுதியது:

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி இருக்கும் கிராமம் எங்களுடையது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்ததே, அதில் எங்கள் ஊரும் உள்ளே போய்விட்டது. 2008 செப்டம்பரில் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும் போட்டது. அடுத்தது 2027இலிருந்து 2046 வரை. இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 25 வயது தாண்டும்வரை எங்கள் ஊரில் எது வயல், எது வீட்டுமனை, எது கிடங்கு என்பதை அந்த வரைபடம்தான் சொல்லப் போகிறது.

டீக்கடையில் புரோக்கர்கள் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். "மடைக்குக் கீழே எல்லாம் மஞ்சள் ஆகிடும், இப்பவே கொடுத்துடுங்க" என்கிறார்கள். மஞ்சள் என்றால் வரைபடத்தில் குடியிருப்பு. எங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து உபரித் தண்ணீர் போகும் ஓடை ஒன்று இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும், ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பினால் அதில் இறங்கிக் கடக்க முடியாது. புதிதாக வரும் ஆளுக்கு அது தரிசு நிலமாகத்தான் தெரியும். வரைபடம் போடுகிறவர் வெயில் காலத்தில் வந்து பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தெரியும். அதை யாரிடம் சொல்வது?

ஊராட்சியில் கேட்டேன், "அதெல்லாம் மெட்ராஸ்ல முடிவு பண்றது" என்றார்கள். உண்மையிலேயே நமக்கு இதில் பேச இடம் இருக்கிறதா? இருந்தால் எப்போது, எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வரைபட மேசை எழுதியது:

இடம் இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. நான் நகரமைப்புத் துறையில் படித்து, தனியாரில் வேலை செய்கிறேன்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் என்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உள்ளூர் திட்டக் குழுமமோ ஒரு மாஸ்டர் பிளான் வரைவைத் தயாரித்து, அரசின் இசைவு வாங்கி, பிறகு பிரிவு 26இன்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையாத காலம் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் வைத்திருப்பவர் மட்டும் என்று எங்கேயும் இல்லை. குத்தகைக்கு உழுகிறவர், வாடகைக்கு இருப்பவர், ஆடு மேய்ப்பவர், எல்லோரும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. எழுதிக் கொடுத்தவர் "என்னை நேரில் கேட்க வேண்டும்" என்று கோரியிருந்தால், அவருக்குத் தகுந்த வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கடிதத்தின் கடைசியில் அந்த ஒரு வரியைத் தவறாமல் எழுதுங்கள். அதைக் கேட்காதவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

அந்தக் காலம் முடிந்து, அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டால் கதை வேறு. அதன்பிறகு நிலத்தைத் திட்டத்துக்கு இசைவாகத்தான் பயன்படுத்த முடியும். மாற்ற வேண்டுமென்றால் பிரிவு 32இன் கீழ் தனியாக மாறுதல் கேட்க வேண்டும். அதைக் கேட்கப் பணமும் ஆளும் உள்ளவர்கள்தான் கேட்பார்கள். உங்கள் ஓடைக்காக யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த திட்டம் வரக் காத்திருக்கலாம் என்றால், கோவையைப் பாருங்கள். 1994இல் வந்த திட்டமே அங்கே முப்பது வருடத்துக்கு ஓடியது.

---

சங்கிலி எழுதியது:

தம்பி கலங்கல், நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டத்தை மேலே சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

"எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும், மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வரைபடத்தில் எதைத் திருத்துவது என்று தெரியாது. புல எண் (சர்வே நம்பர்) இல்லாத மனு அவரைப் பொறுத்தவரை வெறும் கருத்து. புல எண்ணோடு வந்தால் அது திருத்தம். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்.

முதலில் உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். இரண்டும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே நன்செய், புன்செய், புறம்போக்கு என்று இருக்கும். நன்செய் என்றால் பக்கத்திலேயே பாசன ஆதாரம் எது என்றும் ஒரு கட்டம் இருக்கும். அங்கே உங்கள் ஏரியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இந்த நிலம் இந்த ஏரியின் ஆயக்கட்டு, அதாவது இந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம் என்று வருவாய்த் துறையே எழுதிக் கொடுத்த சாட்சி அது. கடைசியில் குறிப்புக் கலம் இருக்கும். ஏரி, வாய்க்கால், ஓடை, சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பாதை எல்லாம் அங்கேதான் தெரியும். அந்தக் கட்டத்தைப் பலர் பார்ப்பதே இல்லை.

அப்புறம் புலப்படம், ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள அளவு வரைபடம், எஃப்எம்பி என்பார்கள். இதில் நுணுக்கம் இருக்கிறது. ஓடை அரசு நிலமாக இருந்தால் அதற்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருக்கும். ஆனால் பல ஊர்களில் ஓடை ஒரு துண்டு புறம்போக்காக வந்து, நடுவில் பட்டா நிலத்துக்குள் நுழைந்து, மறுபடி புறம்போக்காக வெளியே வரும். பட்டாவுக்குள் இருக்கும் துண்டுக்குத் தனி எண் இருக்காது, புலப்படத்தில் கோடு மட்டும் இருக்கும். பதிவேட்டை மட்டும் பார்த்து நிறம் பூசினால் அந்தத் துண்டு வீட்டுமனைக்குள் போய்விடும். மேலேயும் ஓடை, கீழேயும் ஓடை, நடுவில் மதில் சுவர் என்று நிற்கும். வெள்ளம் முதலில் உடைப்பது அந்த இடத்தைத்தான்.

---

முடிச்சூர்வாசி எழுதியது:

சங்கிலி ஐயா சொன்ன கடைசி வரியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி எங்கள் பக்கமும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எங்கள் வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மனை வாங்கும்போது "அப்ரூவ்டு லேஅவுட், பயப்படாதீங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்ரூவல் என்பது சாலை அகலம், மனை அளவு, பூங்காவுக்கு இடம் இதையெல்லாம் பார்க்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை மேலே உள்ள திட்டம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கலங்கல் தம்பிக்கு ஒரு யோசனை. அடுத்த முறை ஓடையில் தண்ணீர் ஓடும்போது செல்போனில் இருப்பிடம், தேதி பதியும்படி வைத்துப் படம் எடுங்கள். தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு மின்கம்பம், ஒரு கோயில் சுவர், ஏதாவது அசையாத அடையாளம் படத்தில் இருக்க வேண்டும். பிறகு காய்ந்திருக்கும்போது அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே புல எண். ஒரு பொறியாளருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நாளிதழ் அறிவிப்பு பற்றியும் ஒன்று. மாஸ்டர் பிளான் மொத்தமாக வரும்போது செய்தி ஆகும், தொலைக்காட்சியில் பேசுவார்கள். ஆனால் தனித்தனி நிலத்துக்கு "விவசாயத்திலிருந்து குடியிருப்பு", "குடியிருப்பிலிருந்து தொழில்" என்று வகைமாற்றம் கேட்கும் அறிவிப்புகள் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கு நடுவில், சின்ன எழுத்தில் வரும். ஊர்ப் பெயரும் புல எண்ணும் மட்டும் இருக்கும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் காலையில் பேப்பர் பார்க்கும் ஒரு பெரியவர் இந்த அறிவிப்புகளை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சங்கம் செய்யும் வேலைகளிலேயே பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

---

கரும்புத் தோட்டம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் நிலம் வைத்திருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் நிலத்துக்கு விவசாயம் என்று நிறம் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்துச் சாலையில் இருப்பவனுக்கு மஞ்சள். அவன் நிலத்தின் விலை என்ன, என் நிலத்தின் விலை என்ன? ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை, கரும்புப் பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு என்றால் ஒரு ஏக்கரை விற்றுத்தான் பார்க்க முடியும். நகரத்தில் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு "வயல் வயலாகவே இருக்க வேண்டும்" என்று சொல்பவர்கள், அந்த வயலைக் காப்பாற்றும் செலவில் பங்கு எடுத்துக்கொள்ளத் தயாரா? எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பூட்டுவதுதான் உங்கள் மக்கள் பங்கேற்பா?

---

கலங்கல் எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம். எனக்கும் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் உண்டு. பூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மடைக்குக் கீழே ஆயக்கட்டில் ஒருவர் நான்கடி மண் கொட்டி மேடாக்கினால், அடுத்த நிலத்துக்காரர் விரும்பினாலும் பயிர் வைக்க முடியாது, வாய்க்கால் அடைந்துவிடும். அவரும் விற்க வேண்டிய நிலைக்கு வருவார். இப்போது யார் யாரைப் பூட்டினார்கள்?

ஊருக்கு மேற்கே மேட்டுப் புன்செய் நிறைய இருக்கிறது. ஏரித் தண்ணீர் ஏறாது, கிணறும் பொய்த்துவிட்டது. அங்கே வீடு வரட்டும். அதைத்தான் நானும் எழுதப் போகிறேன்.

---

வரைபட மேசை எழுதியது:

கரும்புத் தோட்டம் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்சேபணைக் காலம் ஏரியைக் காக்க நினைப்பவருக்கு மட்டும் திறந்த கதவு இல்லை. உங்கள் நிலம் ஆயக்கட்டில் இல்லை, சாலை வசதி இருக்கிறது, தாழ்வான இடமும் இல்லை என்றால், அதைக் காட்டி "இதைக் குடியிருப்பாக வையுங்கள்" என்று நீங்களும் அதே இரண்டு மாதத்தில் எழுதலாம். அப்போது எழுதினால் ஒரு கடிதத்தோடு முடியும். பிறகு தனியாக வகைமாற்றம் கேட்டால் கட்டணம், துறை துறையாகத் தடையின்மைச் சான்று, அலைச்சல். கடைசியில் அலுத்துப் போய் புரோக்கரிடம் குறைந்த விலைக்குக் கொடுப்பீர்கள். அவர் வகைமாற்றம் வாங்கி லாபத்தை எடுத்துக்கொள்வார். விவசாயிக்குப் போக வேண்டிய பணம் இப்படித்தான் கை மாறுகிறது, இது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம்.

வயலைக் காப்பவருக்கு ஈடு என்ன என்ற உங்கள் கேள்விக்கு நம்முடைய திட்டங்களில் சரியான பதில் இல்லை. அதையும் எழுத்தில் கேளுங்கள். பத்து ஊர் விவசாயிகள் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அது கோப்பில் ஒரு தலைப்பாக மாறும்.

---

வலைப்பாடு எழுதியது:

கடற்கரையிலிருந்து ஒரு குரல். எங்களுக்கு மாஸ்டர் பிளானோடு இன்னொன்றும் உண்டு, கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். அந்த வரைவு வந்தபோது தமிழ்நாட்டுக் கரை நெடுக மீனவ ஊர்கள் ஒரே புகாரைத்தான் சொன்னோம். எங்கள் ஊரே வரைபடத்தில் சரியாக இல்லை, படகு நிறுத்தும் இடம், வலை காயப்போடும் இடம், மீன் உலர்த்தும் மணல், கரைவலை இழுக்கும் இடம் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அது வெறும் மணல். வெறும் மணல் என்றால் நாளைக்கு விடுதியோ சாலையோ வரலாம்.

எங்கள் குப்பத்தில் இளைஞர்களும் பெரியவர்களும் சேர்ந்து நடந்தோம். பெரியவர் நின்று "இதுவரைக்கும் நம்ம படகு நிக்கும்" என்பார், பையன்கள் செல்போனில் புள்ளி வைப்பார்கள். மீன் விற்கும் பெண்கள் காட்டிய இடங்கள் ஆண்களுக்கே தெரியாது. கருவாடு காயப்போடும் மேடு எது, மழைக்காலத்தில் எங்கே மாற்றுவார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் வரைபடத்தில் ஏறியது. அதை அச்செடுத்துக் கருத்துக்கேட்பில் கொடுத்தோம். கலங்கல், உங்கள் ஊரிலும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை நடங்கள்.

---

மேட்டுத் தெரு எழுதியது:

நானும் செங்கல்பட்டு மாவட்டம்தான், கலங்கல் அண்ணனுக்குப் பக்கத்து ஊராகக் கூட இருக்கலாம். இந்தப் பேச்சில் இதுவரை வராத ஒன்றைச் சொல்கிறேன்.

"ஊர்" என்று நீங்கள் சொல்லும்போது அதில் காலனி இருக்கிறதா? எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதை வரப்பு மேல்தான் போகிறது. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறோம். மாஸ்டர் பிளானில் சாலை போடுகிறார்கள், அறுபதடி, நூறடி என்று. அந்தப் பாதைக்கு ஒரு பன்னிரண்டடி போடச் சொல்லி யாராவது எழுதுவீர்களா? நத்தம் நிலம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அளந்தது. வீட்டுக்குள் வீடாகக் கட்டி இருக்கிறோம். குடியிருப்பு விரிவுக்கு எங்கள் தெருவை ஒட்டி இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் நிலப் பயன்பாட்டுக் கோரிக்கைதான்.

அடுத்தது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலங்கள் இவை. இந்த மாவட்டத்தில்தான் அந்தக் கதையே தொடங்கியது. வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் மேல் குடியிருப்பு மஞ்சளோ தொழில் ஊதாவோ பூசி லேஅவுட் வந்துவிட்டால் மீட்பது இன்னும் கடினம். புல எண்களைத் தேடும்போது இதையும் சேர்த்துத் தேடுங்கள்.

---

சங்கிலி எழுதியது:

மேட்டுத் தெரு சொல்வது முக்கியம். இப்போதுள்ள அ-பதிவேட்டில் மட்டும் தேடினால் போதாது. 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யுடிஆர் என்போம், பழைய புல எண் மாறியிருக்கும், குறிப்பு விட்டுப் போயிருக்கும். அதற்கு முந்தைய பதிவேட்டில் பழைய எண்ணைப் பிடித்து, டி.சி. நிலம் (ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிலம்) என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். "பஞ்சமி நில விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்தக் கிராமம், இந்தப் புல எண்களின் பழைய பதிவேட்டுப் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். தட்டிக் கழிக்க இடம் இருக்காது.

---

ஸ்கார்பரோ தமிழன் எழுதியது:

வாசிச்சுக்கொண்டு வந்தனான், எழுதாமல் இருக்க முடியேல்லை. இங்கை ரொறன்ரோவிலை ஒரு காணிக்கு வலயமாற்றம், நீங்கள் சொல்லுற வகைமாற்றம், கேட்டால் அந்தக் காணிக்கு முன்னாலை பெரிய அறிவிப்புப் பலகை வைக்க வேணும். என்ன கட்டப் போகினம், எத்தனை மாடி, எங்கை கதைக்கலாம் எண்டு அதிலை இருக்கும். பொதுக்கூட்டம் நடக்கும், போய் கதைக்கலாம். ஆனால் ஒன்ராறியோ அரசு 2024இலை சட்டத்தை மாத்தி, வலயமாற்ற முடிவை எதிர்த்து அயலவர்கள் மேன்முறையீடு செய்யிற உரிமையை எடுத்துப் போட்டுது. பாவிக்காமல் விட்ட உரிமையை எடுக்கிறது அரசுகளுக்குச் சுகம். உங்களுக்கு இருக்கிற அந்த இரண்டு மாதத்தை விட்டுடாதேங்கோ.

---

புதுவீடு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது வேலி போட்டு யாரோ ஷெட் கட்டுகிறார்கள். இதுவும் இந்த விஷயத்தில் வருமா?

---

வரைபட மேசை எழுதியது:

வரும். லேஅவுட்டின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, ஓஎஸ்ஆர் என்பார்கள், தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை இடமாகவோ அதற்கான வழிகாட்டி மதிப்பாகவோ கொடுக்கலாம். உங்கள் லேஅவுட் வரைபடத்தில் அந்த இடத்தின் எண்ணைப் பாருங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் அது உள்ளாட்சியின் சொத்து, ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுதுங்கள். விரிவாகப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

---

முடிச்சூர்வாசி எழுதியது:

"அதெல்லாம் மெட்ராஸ்ல முடிவு பண்றது" என்று ஊராட்சியில் சொன்னதாகக் கலங்கல் எழுதியிருந்தாரே, அந்த வரி என்னை விடவில்லை. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையும் நகர உள்ளாட்சிகளுக்குரிய வேலை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் முதல் இரண்டு வரியாகவே இருக்கிறது. பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்று வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம்முடைய கவுன்சிலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் சாக்கடை, தெருவிளக்கு மட்டுமே கேட்டுக் கேட்டு, அது மட்டும்தான் அவர்கள் வேலை என்று அவர்களே நம்பிவிட்டார்கள். பகுதி சபை நடக்கும்போது "நம்ம வார்டுக்கு மாஸ்டர் பிளானில் என்ன வருகிறது" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும், அடுத்த கூட்டத்துக்கு அவர் படித்துவிட்டு வருவார். எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்தது.

---

சங்கிலி எழுதியது:

கிராமத்தில் கிராமசபை. இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் திட்டக் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் எத்தனை கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் கூடி முடிவெடுத்த ஆவணம் என்ற மதிப்பு அதற்கு உண்டு, பின்னால் நீதிமன்றம் போனாலும் பசுமைத் தீர்ப்பாயம் போனாலும் அது பேசும். "ஏரியைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். புல எண்கள் தீர்மானத்துக்குள்ளேயே வர வேண்டும். கையோடு தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

---

கலங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரைவு வெளியாகும் முன்பே தயாராக இருக்கலாம் என்று ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். குறை சொல்லுங்கள்.

"ஐயா, எங்கள் கிராமம் பன்னெடுங்காலமாக ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்து வருகிறது. நீர்நிலைகள் நம் முன்னோர் தந்த கொடை. தற்போது ரியல் எஸ்டேட் வளர்ச்சியால் அவை அழியும் அபாயத்தில் உள்ளன. எனவே எங்கள் ஊர் ஏரி, ஓடை, வயல்வெளிகள் அனைத்தையும் பாதுகாத்திட வேண்டுகிறோம். மேலும் புல எண் ___ இல் உள்ள ஓடையை வரைபடத்தில் நீர்நிலையாகக் காட்டவும்."

---

சங்கிலி எழுதியது:

கடைசி வாக்கியம்தான் கடிதம். அதை மேலே கொண்டு போங்கள், மற்றதை எடுத்துவிடலாம். இப்படி இருக்கட்டும்:

"பொருள்: ___ கிராமம், புல எண்கள் ___ — வரைவுத் திட்டத்தில் குடியிருப்பு எனக் காட்டியிருப்பதை நீர்வழி எனத் திருத்தக் கோருதல்.

1. மேற்படி புலங்களின் வழியாக ___ ஏரியின் கலங்கல் ஓடை செல்கிறது. புலப்பட நகல் இணைப்பு 1.
2. இதில் புல எண் ___ பட்டா நிலம். ஆனால் ஓடையின் கோடு புலப்படத்தில் உள்ளது. இருபுறமும் உள்ள புல எண்கள் ___, ___ அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு. இணைப்பு 2.
3. ___ தேதி மழையில் ஓடை சென்ற படங்கள், அதே இடத்தின் கோடைக்காலப் படங்கள். இணைப்பு 3.
4. புல எண்கள் ___ முதல் ___ வரை இதே ஏரியின் ஆயக்கட்டு நன்செய். இவை விவசாயமாகத் தொடர வேண்டும். மாற்றாக, ஊரின் மேற்கே உள்ள புன்செய்ப் புலங்கள் ___ குடியிருப்பு விரிவுக்கு ஏற்றவை.
5. கிராமசபைத் தீர்மான நகல். இணைப்பு 4.
6. எங்களை நேரில் கேட்க வேண்டுகிறோம்."

சுடுகாட்டுப் பாதையையும் தெரு விரிவையும் இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். தனிக் கடிதம், தனிப் புல எண், தனி இணைப்பு. ஒன்றை ஏற்காவிட்டாலும் மற்றது நிற்கும். நேரில் கொண்டுபோய் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

---

வரைபட மேசை எழுதியது:

ஐயா எழுதியதைவிட நன்றாக எழுத முடியாது. இரண்டு சேர்க்கைகள். ஓடையை நீர்வழி என்று காட்டச் சொல்வதோடு, இரு கரையிலும் கட்டடம் வராமல் இடைவெளி விடவும் கேளுங்கள். ஓடையை மட்டும் மீட்டு, கரையை மனைக்கு விட்டால் தூர்வார வண்டி இறங்க வழி இருக்காது.

இரண்டாவது, உங்கள் ஓடை போய்ச் சேரும் கீழ் ஊரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், 1,247 ஹெக்டேருக்கு மேல். ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏரிகளும் கால்வாய்களும் பல கிராமங்களில், பல வகை நிறத்தில் கிடக்கின்றன. கடைசிக் குளத்தை மட்டும் காத்துப் பயனில்லை. ஒரே ஓடையில் இருக்கும் மூன்று ஊர் ஒரே வரைபடத்தை இணைத்து மூன்று கடிதம் கொடுத்தால், திட்டக் குழுமத்தில் அதை ஒரு நீர்வழியாகப் பார்த்தே தீர வேண்டும்.

---

கரும்புத் தோட்டம் எழுதியது:

மேற்குப் புன்செய்க்கு வீடு என்று கடிதத்திலேயே போட்டது சரியான காரியம். அப்படி எழுதினால் என்னைப் போன்றவர்களும் கையெழுத்துப் போடுவோம். ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வாய்க்கால் தூர்வாரும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று நான் தனியாக எழுதப் போகிறேன்.

---

மேட்டுத் தெரு எழுதியது:

அண்ணா, நீங்கள் தனிச்செய்தியில் ஊர்ப் பெயர் சொன்னீர்கள். உங்கள் ஓடை எங்கள் ஏரிக்குத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எங்கள் தெருவிலிருந்து இரண்டு அக்காமார்களையும் கூட்டி வருகிறேன். நாற்று நடப் போகிறவர்கள், எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாதைக்கான கடிதத்தையும் அன்றைக்கே எழுதிவிடலாம்.

---

கலங்கல் எழுதியது:

கண்டிப்பாக வாருங்கள். இரண்டு கடிதத்திலும் இரண்டு ஊரும் கையெழுத்துப் போடலாம். புலப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுக்க உங்கள் பக்கம் கடை இருக்கிறதா? இங்கே சின்னத் தாள்தான் கிடைக்கிறது, உட்பிரிவு எண் படிக்க முடியவில்லை.

---

மேட்டுத் தெரு எழுதியது:

செங்கல்பட்டில் எடுத்து வருகிறேன். எந்தெந்தப் புல எண் என்று இன்று இரவுக்குள் அனுப்புங்கள், ஓடை ஊர் எல்லையைத் தாண்டும் இடத்தில் எங்கள் பக்கத்துப் புலங்களையும் சேர்த்தே எடுத்துவிடுகிறேன்.